ஐம்பத்து மூன்றாவது சலவை

அருள்குமாரின் மெயிலைப் பற்றிக் கம்பெனியில் ஒரு கேலி உண்டு. துவைக்கும் முறை சொல்லிச் சட்டைக்குள் தைத்திருக்கும் வாஷ்கேர் லேபிளில்கூட அதைவிட நாலு வார்த்தை அதிகம் இருக்கும் என்பார்கள். வேலம்பாளையத்தில் பனியன் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவன் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பதற்குப் பதில் போட வேண்டும், பீஸ் நேரத்துக்குப் போக வேண்டும். அதற்கு நாலு வார்த்தை போதும். மனைவி சித்ரகலா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பும் அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதற்குப் பிறகு, பேச வேண்டிய இடத்திலும் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவனுக்குத்தான் மோகன்ராஜும் விஜயராணியும் தங்கள் பயணத்திலிருந்து வாராவாரம் எழுதினார்கள்.

மோகன்ராஜ் துணிப் பிரிவுக்குப் பொறுப்பாளன். வெள்ளகோவில் பக்கத்துக்காரன், அருளுடன் கல்லூரியில் படித்தவன். விஜயராணிக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் பிசிர் வெட்டும் வேலைக்கு வந்து, செக்கிங்குக்கு மாறி, இப்போது லைன் சூப்பர்வைசர். அவள் கண்ணில் படாமல் ஒரு ஊசி ஓட்டை தப்பியதில்லை. இருவரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு ஐந்து வருடம். மோகன்ராஜின் அப்பா பொங்கியண்ணன் அதுவரை மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததற்கு வேலம்பாளையத்தில் இரண்டாவது ஷிஃப்ட் நின்றது. 2009 பொங்கலுக்கு முந்தைய வாரம். முதலாளி ஈஸ்வரமூர்த்தி, சம்பளமில்லாத லீவு வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது மோகன்ராஜ் கையைத் தூக்கினான்.

"எங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு மாசம் குடுங்க."

"அஞ்சு மாசமா? என்னப்பா பண்ணப் போறீங்க?"

"நேபாளம், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம். முதுகுல பையப் போட்டுட்டுப் போறமுங்க."

கம்பெனியே சிரித்தது. வீட்டுமனை வாங்க அவர்கள் சேர்த்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். "சைட்டு வாங்கற காசுல சைட்டு அடிக்கப் போறானாட்ட" என்றார் கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன். "பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயி எங்கண்ணா சைட்டு அடிக்கறது" என்றான் மோகன்ராஜ். விஜயராணி சிரிக்கவில்லை. அவள் அப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அருளுக்கு அந்த நேரத்தில் ஒரு தலைவலி இருந்தது. புதிதாக ஒரு பையர், ஊர் சுற்றுகிறவர்களுக்கான டீ ஷர்ட் விற்கிறவர், ஆர்டர் தருவதற்கு முன் ஒரு சோதனை கேட்டிருந்தார். சட்டையை ஓர் ஆள் உண்மையாகவே போட்டுக்கொண்டு அலைய வேண்டும், கையால் எண்பது முறை துவைக்க வேண்டும், ஒவ்வொரு சலவைக்கும் அளவெடுத்து எழுத வேண்டும். கம்பெனியில் யாரைப் போடச் சொன்னாலும் மூன்றாம் நாள் மிஷினில் போட்டுவிட்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். அருள் நான்கு சட்டைகளை எடுத்துக்கொண்டு விஜயராணியிடம் போனான்.

"ஆளுக்கு ரெண்டு. அளந்து எழுதணும். பொய் கூடாது."

"நான் என்னைக்குண்ணே பொய் எழுதிருக்கேன்?" என்றாள் அவள்.

கம்ப்யூட்டர் ஷீட்டில் ஒவ்வொரு சலவைக்கும் ஒரு வரிசை. தேதி, ஊர், நீளம், மார்பு. பக்கத் தையல் எவ்வளவு முறுக்கியிருக்கிறது. வியர்வைக் கறை எவ்வளவு. தோள், அக்குள், முதுகு ஆகிய இடங்களில் பில்லிங் எவ்வளவு, அதாவது துணி உரசி உரசிப் பஞ்சு எவ்வளவு உருண்டை கட்டியிருக்கிறது. பில்லிங்குக்கு ஐந்து மார்க். புதுத் துணி ஐந்து, தேயத் தேய மார்க் இறங்கும். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அவனுக்கு ஒரு ஷீட், அவளுக்கு ஒரு ஷீட்.

அந்தக் குறிப்புக் கட்டத்தில் என்ன வரும் என்று அருள் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் மெயில் பொக்காராவிலிருந்து வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தாள். அளவுகள் கால் அங்குலம் பிசகாமல் இருந்தன. குறிப்பில்: 'ஏரித் தண்ணில அலசுனேன். கை வெறச்சுப் போச்சு. கை வெறச்சத சட்டையோட குத்தமா எழுதக் கூடாதுன்னு தெரியும். சும்மா சொல்றேன்.'

பத்தொன்பதாவது சலவை, பாங்காக். 'ஏர்போட்டுல பிடிச்சு வச்சுட்டாங்க. இவரு எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் மடிப்பு மடிச்சு, பாலிபேக்ல போட்டு, சைஸ் ஸ்டிக்கர் வேற ஒட்டி வச்சிருக்காரு. உள்பனியனுக்குங்கூட. யாவாரத்துக்குக் கொண்டு வந்த சரக்குன்னுட்டாங்க. ஒண்ணொண்ணாப் பிரிச்சு அவங்க முன்னாடியே போட்டுக் காமிச்சோம். அந்த ஆபீசரு சிரிச்சுச் சிரிச்சு சீல் அடிச்சாருண்ணே.'

இருபத்தேழாவது: 'பதினாறு மணி நேரம் பஸ்ஸு. இவரு யாருகிட்டயோ வாங்குன கோழிக்கூடைய நான் மடியில வச்சுக்கிட்டேன். அக்குள் பில்லிங் நாலரை. கோழி காரணமில்ல.'

முப்பத்து மூன்றாவது, லாவோஸில் ஒரு மலை ஊர்: 'ஒரு அக்கா வந்து என் சட்டையத் திருப்பி ஓவர்லாக் தையலப் பாத்துச்சு. பாசை தெரியாது. கையால தச்சுக் காமிச்சேன். அதுவும் எங்கயோ தையக் கம்பெனில இருந்துருக்கும் போல, டார்கெட் டார்கெட்டுன்னு சொல்லிச்சு. ரெண்டு பேரும் விழுந்து சிரிச்சோம். பச்சரிசிச் சோத்த இலையில கட்டிக் குடுத்துச்சு.'

அருள் இதையெல்லாம் சனிக்கிழமை காலையில் படிப்பான். அவர்கள் சனிக்கிழமை அனுப்புவார்கள், எந்த ஊரிலிருந்தாலும். பையருக்கு அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். முதல் இரண்டு முறை அழித்தான். பிறகு தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளத் தொடங்கினான். ஏனென்று அவன் யோசிக்கவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில், பையர்கள் இருக்கும் பக்கத்தையே பார்த்துப் பழகிய கண், வலது மூலைக்கு நகர ஆரம்பித்திருந்தது.

வெள்ளகோவிலிலிருந்து பொங்கியண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவார். "ஏனுங் கண்ணு, எந்தச் சீமையில சுத்தறான்?" மகனை மட்டும்தான் கேட்பார். அருள் ஊரின் பெயரைச் சொல்வான். "அங்கெல்லாம் மனுசன் இருக்கறானா?" என்பார். "இருக்காங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை மோகன்ராஜின் ஷீட்டில் பன்னிரண்டு வரிசை வந்தது. நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை. ஆறு நாளில் பன்னிரண்டு சலவை. தோள் கட்டத்தில் பன்னிரண்டுக்கும் மூன்றரை, மூன்றரை, மூன்றரை. குறிப்புக் கட்டம் காலி. கடைசியில் மட்டும்: 'நல்லா இருக்கோம்.'

அருளுக்குக் கோபம் வந்தது. மேலே ஒரு எண்ணைப் போட்டு மவுஸால் கீழே இழுத்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்தான். எல்லாக் கம்பெனியிலும் எல்லாரும் செய்வது. இவள் செய்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. பதில் போட்டான்: 'வரிசை 41 முதல் 52 வரை ஒரே எண். காப்பி பேஸ்ட் வேண்டாம். அளந்து போடவும்.'

மத்தியானமே பதில் வந்தது. 'காப்பி இல்லண்ணே. அளந்துதான் போட்டேன். எதுக்கும் திரும்பப் பாக்குறேன்.'

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. திங்கட்கிழமை காலை ஷீட்டை மறுபடி திறந்தான். அவள் அளந்தேன் என்றால் அளந்திருக்கிறாள். அப்படியென்றால் அந்த எண்கள் சரி. சரியென்றால் அவற்றுக்கு என்ன அர்த்தம்?

முதுகில் பை சுமக்கிறவனின் சட்டை முதலில் தோளில்தான் தேயும். பட்டை உரசுகிற இடம். மோகன்ராஜின் தோள் இரண்டு மாதத்தில் ஐந்திலிருந்து மூன்றரைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு சலவையாக அந்தத் தோளில் எதுவும் உரசவில்லை. ஊர்க் கட்டத்தைப் பார்த்தான். அந்த ஆறு நாளில் மூன்று ஊர் மாறியிருக்கிறார்கள்.

விஜயராணியின் ஷீட்டைத் திறந்தான். அவள் தோள் அதே ஆறு நாளில் மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருந்தது.

இரண்டு பையையும் அவள் தூக்குகிறாள்.

வியர்வைக் கட்டத்தைப் பார்த்தான். மோகன்ராஜின் சட்டையில் கறை ஏறிக்கொண்டே போயிருந்தது. பை தூக்காதவனுக்கு எங்கிருந்து இவ்வளவு வியர்வை? தேதிகளைப் பார்த்தான். ஒரு நாள் மூன்று சலவை. மறுநாள் ஒன்று. அடுத்த நாள் மூன்று. பிறகு ஒன்று. பிறகு மூன்று. பிறகு ஒன்று.

அருள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். உட்கார்ந்தான்.

2006 நவம்பரில் அவன் மூன்று நாள் கம்பெனியிலேயே கிடந்தான். ஷிப்மெண்ட். சித்ரகலா அவிநாசிபாளையத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். முதல் நாள் போனில் லேசாகக் காய்ச்சல் என்றாள். இரண்டாம் நாள், "நல்லா இருக்கேன், நீங்க ஷிப்மெண்ட்டப் பாருங்க" என்றாள். மூன்றாம் நாளும் அதையேதான் சொன்னாள். அவன் கண்டெய்னருக்கு சீல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது அவளுக்குச் சுயநினைவில்லை. ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்றார் ஒரு டாக்டர்.

நல்லா இருக்கோம்.

மெயில் தட்டினான்: 'மோகனுக்குக் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்றே ரத்தம் பார்க்கவும். இன்றே.' அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களிடம் போன் கிடையாது. அடுத்த மெயில் சனிக்கிழமைதான். அதுவரை உட்கார்ந்திருக்க அவனால் முடியாது.

முப்பத்தொன்பதாவது சலவையின் குறிப்பில் ஒரு விடுதியின் பெயர் இருந்தது. துவைக்கிற கல் நன்றாக இருந்ததால் அடுத்த வாரமும் அங்கேயே திரும்பி வருவோம் என்று எழுதியிருந்தாள். சனிக்கிழமை ஊர்க் கட்டத்திலும் அதே ஊர்தான். மெகாங் ஆற்றங்கரை. நெட்டில் தேடி விடுதியின் எண்ணை எடுத்தான். ஐஎஸ்டி பேச முதலாளி அறைக்குத்தான் போக வேண்டும்.

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் அருள் தானாக அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் முறை.

"லாவோசுக்குப் பேசோணுமுங்க."

"அங்க நமக்குப் பையரே இல்லியே."

"மோகன்ராஜுக்கு உடம்பு சரியில்லீங்க."

"ஆரு சொன்னது?"

"சட்டை சொல்லுதுங்க. தோள்ல தேயல."

"சட்டை தேஞ்சாத்தான் பையரு கூப்புடுவான். தேயாததுக்கு நீ கூப்புடறயா?" என்றார். பிறகு அவன் முகத்தில் எதையோ பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தி, போனை அவன் பக்கம் நகர்த்தினார். "பேசு கண்ணு."

எடுத்தவனுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தைதான் தெரிந்தது. இந்தியா, லேடி, மேன் என்று அருள் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு நொடி யோசித்து, சத்தமாகச் சிரித்து, "லேடி! லேடி டூ பேக்! மேன் நோ பேக்!" என்றது. "கான். சண்டே. போட்." அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகில் போயிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரை தாய்லாந்து. அடுத்த ஊரைப் பார்க்கப் போனார்களா, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா? ஊர் பார்க்க என்றால் இன்னும் ஐந்து நாளைக்கு ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் போன் வந்தது. முந்தின நாள் லைன் கிடைக்கவில்லையாம். "எங்க இருக்கறான்?" என்றார்.

அருளுக்கு வழக்கம்போல ஊரின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம் போலிருந்தது. "மாமா, அவனுக்குக் காய்ச்சல்னு நெனைக்கறனுங்க. மெயில் போட்டிருக்கேன். பதில் வரலீங்க" என்றான்.

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

"அந்தப் புள்ள கூட இருக்குதல்லோ?" என்றார் கடைசியில்.

"இருக்குதுங்க. ரெண்டு பையும் அதுதான் தூக்குதுங்க."

"அப்பச் சரி" என்றார் பொங்கியண்ணன். போனை வைக்கவில்லை. இன்னொரு முறை, "அப்பச் சரி" என்றார். பிறகுதான் வைத்தார்.

செவ்வாய், புதன். அருள் மெயில் பெட்டியைத் திறந்து மூடினான். மூன்று பையர்களுக்குப் பதில் போடவில்லை. ஆத்தப்பன் ஒரு பேட்டர்னைக் கொண்டு வந்து காட்டிக் கால் மணி நேரம் பேசியது அவன் காதில் ஏறவில்லை. "என்னாச்சு இவனுக்கு, இத்தன நாளு பேசாம இருந்தான், இப்பக் கேக்கறதும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் போனார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஷீட் வந்தது. மோகன்ராஜின் பெயரில் ஒரே ஒரு வரிசை.

சலவை: 53. ஊர்: தாய்லாந்து, ஆஸ்பத்திரி. துவைத்த விதம்: மிஷின், சுடுதண்ணீர். நீளத்தில் சுருக்கம் நாலு சதவீதம். தோள் மூன்றரை. குறிப்புக் கட்டம் திரைக்குக் கீழே வரை நீண்டிருந்தது.

'அண்ணே, மிஷின்ல போட்டது நானில்ல. நர்சு கேக்காம எடுத்துட்டுப் போயி வெள்ளத் துணியோட போட்டுருச்சு. நான் கத்துனதப் பாத்து டாக்டரு எனக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு ஓடி வந்துட்டாரு. இந்த ஒண்ணக் கணக்குல சேக்காதீங்க.

இவருக்கு மலேரியா. இப்பப் பரவால்ல. நேத்து ராத்திரி காய்ச்சல் வரல. கஞ்சி குடிச்சாரு. எக்ஸ்போர்ட் மடிப்புல பெட்சீட்ட மடிச்சு வச்சிருக்காரு, அதப் பாத்துத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

நீங்க காப்பி பேஸ்ட்டுன்னு கேட்டதும் எனக்கு அழுகையா வந்துச்சுண்ணே. அப்பறம் ரூமுக்கு வந்து அளவெழுதுற நோட்ட எடுத்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். எழுதுனது நாந்தான். ஆனா எழுதயில பாக்கல. ஒரு நாளு காயும், மறுநாளு ஏந்திரிச்சு உக்காந்து சிரிப்பாரு, வெயிலுதாம்பாரு. சரியாப் போச்சுன்னு நானும் நம்பிக்கிட்டு ஊரு மாறிக்கிட்டே இருந்தேன். தேதியப் பாத்தா மூணு ஒண்ணு, மூணு ஒண்ணு. எங்க ஊர்ல இதுக்கு முறைக்காய்ச்சல்னு பேரு. எங்க அத்தை அதுலதான் போச்சு. விடியுமுன்னயே படகுக்குப் போயிட்டேன். அக்கரையில ஆபீசரு ஏதேதோ பேப்பரு கேட்டாரு. நான் தமிழ்லயே பேசுனேன். பயந்து சீல் அடிச்சாரு.

இன்னும் ரெண்டு நாளு கழிச்சிருந்தா மூளைக்குப் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. நீங்க கேக்கலைன்னா நான் நோட்டத் திறந்துருக்க மாட்டேன். உங்க திங்கக்கெழம மெயில இப்பத்தான் பாத்தேன். நீங்களும் அங்கருந்தே கண்டுபிடிச்சிருக்கீங்க.'

அருள் அதை மூன்று முறை படித்தான். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

பதில் போட உட்கார்ந்தான். 'திரும்பி வாருங்கள். டிக்கெட்டுக்கு முதலாளியிடம் சொல்கிறேன்' என்று எழுதினான். மறுநாள் வந்த பதில் ஒரே வரி: 'இன்னும் ரெண்டு நாடு பாக்கி இருக்குண்ணே.'

அவர்கள் பாக்கி வைக்கவில்லை. பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கம்போடியாவுக்குப் போனார்கள். கல் கோபுரங்களின் நிழலில் அறுபத்தோராவது சலவை காய்ந்தது. வியட்நாமில் ஒரு மீன்பிடி ஊரில் எழுபத்து நான்காவது. அவள் தோள் இரண்டுக்கு வந்தது. அவனுடையது கடைசிவரை மூன்றரையிலேயே நின்றது. சனிக்கிழமைகளில் அருள் அந்த இரண்டு எண்களையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் குறிப்பைப் படிப்பான்.

ஜூன் நடுவில் ஒரு காலை, ஸ்டேஷனிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தார்கள். மோகன்ராஜ் பாதியாக இருந்தான். கை வீசிக்கொண்டு வந்தான். விஜயராணி முதுகில் நீலப் பை, முன்பக்கம் பச்சைப் பை. கறுத்திருந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. நடையில் மட்டும் ஒரு தளர்வும் இல்லை; லைனுக்கு நடுவில் பீஸ் பார்த்துக்கொண்டு போவாளே, அதே நடை.

"கேட்டாலும் குடுக்க மாட்டேங்கறா மாப்ள" என்றான் மோகன்ராஜ். "எம்பையில அவளுக்கு உரிமை வந்துருச்சாமா."

"குடுத்தா நீங்க மறுபடி கோழி வாங்கிப் போட்டுக்குவீங்க" என்றாள் அவள். தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. ஆத்தப்பன் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அருள் நான்கு சட்டைகளையும் மேஜையில் விரித்தான். தட்டி நேராக்கி, இழுக்காமல் அளந்தான். அவள் எழுதி அனுப்பியதற்கும் அவன் அளந்ததற்கும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. சுருக்கம் பாஸ். முறுக்கு பாஸ். விஜயராணியின் தோள் மட்டும் இரண்டு. மூன்றுக்குக் கீழே போனால் ஃபெயில் என்பது பையரின் விதி.

ஈஸ்வரமூர்த்தி எட்டிப் பார்த்தார். "அந்த ஒண்ண மட்டும் மூணுன்னு போட்டுரலாமா கண்ணு?"

"வேண்டாமுங்க. அது ரெண்டுதானுங்க."

கடைசி வரிசையில் இரண்டு என்றே போட்டான். பிறகு குறிப்புக் கட்டத்துக்குப் போனான். இந்த முறை அதை அழித்து அனுப்பப் போவதில்லை. இங்கிலீஷில் எழுதினான். இந்தச் சட்டை ஒரு பைக்காகச் செய்யப்பட்டது. நாற்பத்தொன்றாவது சலவையிலிருந்து இதன் மேல் இரண்டு பை இருந்தது. கணவர் நோயில் விழுந்த பிறகு அவருடைய பையையும் இதை அணிந்தவரே சுமந்தார். நான்கு நாடுகளில், எழுபத்தொன்பது நாள். ஒரு தையலும் விடவில்லை. எந்த நாளும் அளவெடுக்கத் தவறவில்லை.

அவன் அனுப்பிய மெயில்களிலேயே நீளமானது அதுதான். ஆர்டர் வந்தது, கேட்டதில் பாதி அளவுக்கு. தோளில் உள்பக்கம் ஒரு பட்டி வைத்துத் தைக்கச் சொல்லி. அது செப்டம்பரில்.

அவர்கள் திரும்பி வந்த அன்று மத்தியானம் மோகன்ராஜ் ஆட்டோ பிடிக்க முன்னால் போனான். வெள்ளகோவிலுக்குப் போகிறார்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அப்பா போன் பண்ணியிருந்தார். விஜயராணி இரண்டு பையையும் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அண்ணே, அக்காவுக்கு அன்னைக்கு எத்தன நாளு காய்ச்சல் இருந்துச்சு?"

இரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. நடந்தது நடந்துவிட்டது என்றார்கள், மனதைத் தேற்றிக்கொள் என்றார்கள், வேறு பெண் பார்க்கட்டுமா என்றார்கள்.

"மூணு நாள்" என்றான். மேலே சொல்ல வேண்டும் போலிருந்தது. "மொத நாளு சாயங்காலம் போன் பண்ணுனா. நான் பேக்கிங்ல இருந்தேன்."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. விஜயராணி முன்பக்கத்துப் பச்சைப் பையை இறக்கினாள். பிறகு முதுகிலிருந்து நீலப் பையையும் இறக்கிச் சுவரோரம் சாய்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள். "சொல்லுங்கண்ணே."